மும்பைக்குப் புறப்படுமுன்: நகரின் வழக்கங்களும் பணத்தின் பாதுகாப்பும்

தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்குச் செல்வோர் அனைவரும் கடலையும் இந்திய வாயிலையும் காணச் செல்பவர்கள் அல்லர். பரேலில் 1941ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகச் செல்லும் குடும்பங்கள் உண்டு. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்களும், மகள் வீட்டுக்குப் பேறுகாலத் துணையாகச் செல்லும் தாய்மார்களும் உண்டு. இவர்களில் பலர் முதன்முறையாக அந்நகரில் கால் வைப்பவர்கள். வழிச்செலவுக்கான பணம் மட்டுமன்றிப் பல்லாண்டுச் சேமிப்பும் கைப்பேசி வழியே அவர்களுடன் பயணம் செய்கிறது.

பதவி உயர்வுக்குப் பின் மூன்றாண்டுகள் தாதருக்கு அருகிலுள்ள கிளையொன்றில் நான் பணியாற்றினேன். ஒரு ஜூலை மாத முற்பகலில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முதிய தம்பதியர் மழையில் நனைந்தபடி கிளைக்குள் நுழைந்தனர். அம்மையாருக்குச் சிகிச்சை. காலை ஒன்பது மணி அளவில் குர்லாவில் மின்தொடர் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். கையில் இரண்டு பைகள். பரேலில் இறங்க வேண்டியவர்கள், பெட்டியின் நடுவில் நின்றிருந்ததால் வாசலை அடைவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. முண்டியடித்து அடுத்த நிலையத்தில் இறங்கியபோது, பெரியவரின் சட்டைப்பையிலிருந்த கைப்பேசி இல்லை. கைப்பேசி உறைக்குள் டெபிட் அட்டை. அட்டையைச் சுற்றியிருந்த தாளில் ரகசிய எண்.

அவர்கள் உடனே வங்கியைத் தேடவில்லை. மருத்துவரைக் காணும் நேரம் தவறிவிடக்கூடாது என்பதே அவர்கள் கவலை. அதன்பின் ஊரிலுள்ள தம் கிளையின் தொலைபேசி எண்ணைப் பெற அரை மணி நேரம் முயன்றிருக்கிறார்கள். எங்கள் கிளைக்கு வந்தபோது பொருள் தொலைந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. கணக்கைத் திறந்து பார்த்தேன். பத்தாயிரம் வீதம் நான்கு முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. மீதியிருந்த இரண்டு லட்சத்துச் சொச்சத்தைக் காக்க அட்டையையும் இணையவழிச் சேவைகளையும் முடக்குவதற்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டன.

“போன பணம் திரும்ப வருமா, தம்பி?” என்று பெரியவர் கேட்டார். அக்கேள்விக்கான விடையைப் பின்னர் கூறுகிறேன். அந்நகரைப் பற்றி அவர்களுக்கு யாரேனும் முன்பே சொல்லியிருக்க வேண்டியவற்றை முதலில் பார்ப்போம்.

மின்தொடர் வண்டியின் எழுதப்படாத விதிகள்

மும்பையின் வழக்கங்கள் பெரும்பாலும் நெரிசலில் பிறந்தவை. புறநகர் ரயில்களில் நாள்தோறும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்கின்றனர். ஒரு நிலையத்தில் வண்டி நிற்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. அந்நேரத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் இறங்கி ஏற வேண்டுமெனில், ஒவ்வொருவரும் எங்கு நிற்பது, எப்போது நகர்வது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கை அறியாதவரே அங்கு இடிபடுகிறார், பொருளையும் இழக்கிறார்.

இறங்க வேண்டிய நிலையத்துக்கு இரண்டு நிலையங்கள் முன்பே இருக்கையை விட்டு எழுந்து வாசலை நோக்கி நகர வேண்டும். முன்னால் நிற்பவரின் தோளை மெல்லத் தொட்டு, இறங்கும் நிலையத்தின் பெயரை மட்டும் கேள்வியாகச் சொன்னால் போதும். “தாதர்?” என்று கேட்டால், அங்கு இறங்குபவர் தலையசைப்பார், இறங்காதவர் விலகி வழி விடுவார். இதை அங்கு எவரும் மரியாதைக் குறைவாகக் கருதுவதில்லை. கேட்காமல் நிற்பவரைத்தான் கடிந்துகொள்வார்கள். நடைமேடை எப்பக்கம் வரும் என்பதையும் அதே மூச்சில் கேட்டுக்கொள்ளலாம்.

மூவர் அமரும் இருக்கையில் நான்காமவருக்குச் சற்று இடம் தருவதும் அங்குள்ள வழக்கம். விளிம்பில் பாதி உடலே அமரும். ஆயினும் கேட்டால் மறுப்பவர் அரிது. முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள். பெரிய பையை மேலடுக்கில் வைக்க எட்டவில்லையெனில் அருகிலுள்ளவரிடம் நீட்டலாம். கைமாறி மேலே சென்றுவிடும். இறங்கும்போதும் அவ்வாறே கைமாறி வரும். ஆனால் பணமோ மருத்துவக் கோப்போ உள்ள பையை மேலே அனுப்ப வேண்டாம்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் வழக்கம் உண்டு. அறிவிப்புப் பலகையில் ‘எஸ்’ என்றிருந்தால் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி. ‘எஃப்’ என்றிருந்தால் சில நிலையங்களில் மட்டும் நிற்பது. பரேல் செல்வோர் ‘எஸ்’ வண்டியில் ஏறுவதே நலம். மேற்கு வழித்தடத்தில் மாலை வேளையில் விரார் விரைவு வண்டியில் ஏறி அந்தேரியிலோ போரிவலியிலோ இறங்க முயல்வது, பல ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர்களே தவிர்க்கும் செயல். தொலைதூரம் செல்வோர் வாசலை நிறைத்து நிற்பர்; இடையில் இறங்க எண்ணுபவருக்கு வழி கிடைப்பது அரிது. காலையில் எட்டு முதல் பதினொரு மணி வரை தெற்கு நோக்கியும், மாலையில் ஐந்து முதல் ஒன்பது மணி வரை வடக்கு நோக்கியும் செல்லும் வண்டிகளைப் பெட்டி படுக்கையுடன் வருவோர் விட்டுவிட வேண்டும். எதிர்த்திசையில் அதே நேரத்தில் ஓரளவு வசதியாகவே செல்லலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘மெகா பிளாக்’ எனப்படும் பராமரிப்புப் பணிக்காகச் சில தடங்கள் பல மணி நேரம் நிறுத்தப்படும். முதல் நாளே அறிவிப்பு வெளியாகும்.

நோயாளிகளுடன் செல்வோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் பயணம் செய்யலாம். மருத்துவமனை ஆவணம் கையில் இருக்க வேண்டும். தென்காசித் தம்பதியருக்கு இது தெரிந்திருந்தால் அன்றைய நெரிசலில் அவர்கள் சிக்கியிருக்க மாட்டார்கள். தொலைதூர ரயில் கட்டணத்திலும் சலுகை உண்டு. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டண விலக்கும், உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 சதவீதத் தள்ளுபடியும் அளிக்கப்படுகின்றன. மருத்துவமனை வழங்கும் படிவத்தை முன்பதிவு மையத்தில் காட்டிப் பெறலாம்.

தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் மக்கள் சிலர் கடப்பதைப் பார்த்து வெளியூரார் பின்தொடர்கின்றனர். மும்பைப் புறநகர்த் தடங்களில் தண்டவாளம் கடந்தும், வண்டியிலிருந்து விழுந்தும், பிற காரணங்களாலும் உயிரிழப்போர் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். வழக்கம் என்று கண்ணில் படுவதெல்லாம் பின்பற்றத் தக்கதன்று.

கிழக்கா, மேற்கா?

மும்பையில் முகவரி என்பது ரயில் நிலையத்தின் பெயரில் தொடங்கும். அதையடுத்து ‘ஈஸ்ட்’ அல்லது ‘வெஸ்ட்’ என்ற சொல் வரும். தண்டவாளத்தின் எப்பக்கம் என்பதை அது குறிக்கிறது. தவறான பக்கத்தில் இறங்கிவிட்டால் மீண்டும் மேம்பாலம் ஏறி வர வேண்டும். வாடகை வண்டியில் சென்றால் அடுத்த சாலைப் பாலம் வரை சுற்ற வேண்டியிருக்கும். முகவரியை எழுதிக்கொள்ளும்போதே இதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களும் குழப்பக் கூடியவை. மாட்டுங்கா மத்திய வழித்தடத்தில் உள்ளது. மாட்டுங்கா ரோடு மேற்கு வழித்தடத்தில் உள்ளது. மும்பை சென்ட்ரல் என்ற நிலையம் மத்திய ரயில்வேயைச் சேர்ந்தது அன்று; மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தை இன்றும் பலர் ‘வி.டி.’ என்றே சொல்வர். 2018இல் பிரபாதேவி எனப் பெயர் மாற்றப்பட்ட நிலையத்தை முதியோர் ‘எல்பின்ஸ்டன்’ என்றே குறிப்பிடுவர். பரேல் நிலையத்துக்கும் அதற்கும் நடந்தே செல்லலாம். தாதரில் இரு வழித்தடங்களின் நடைமேடைகளும் முன்பு தனித்தனியே எண்ணிடப்பட்டிருந்தன. 2023 டிசம்பர் முதல் ஒன்றிலிருந்து பதினான்கு வரை தொடர்ச்சியாக எண்ணிடப்பட்டுள்ளன. பழைய எண்ணை நினைவிலிருந்து கூறும் உறவினரை நம்பிச் சென்றால் தவறான நடைமேடையில் நிற்க நேரும்.

தமிழகத்திலிருந்து வரும் ரயில்கள் பலவும் குர்லாவிலுள்ள லோகமான்ய திலக் முனையத்தில் நிற்கின்றன. வெளியே வந்ததும் ஆட்டோ கிடைக்கும். ஆனால் ஆட்டோக்கள் சயனுக்கும் பாந்திராவுக்கும் தெற்கே செல்ல அனுமதி இல்லை. பரேல், தாதர் செல்வோர் ஆட்டோவில் ஏறினால் சயனில் இறங்கி மீண்டும் வேறு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே டாக்சியே பொருத்தம். 2025 பிப்ரவரி முதல் நாள் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி, முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கறுப்பு-மஞ்சள் டாக்சிக்கு 31 ரூபாய், ஆட்டோவுக்கு 26 ரூபாய். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை நான்கில் ஒரு பங்கு கூடுதல். மீட்டர் போட்டு ஓட்டுவதே அந்நகரின் வழக்கம். சென்னையைப்போல் ஏறுமுன் பேரம் பேச வேண்டியதில்லை. முனையத்தின் வாசலில் நின்று மொத்தத் தொகை பேசுபவரைக் கடந்து சென்று, வரிசையில் நிற்கும் வண்டியில் ஏறுங்கள். வரிசை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பேருந்து நிறுத்தத்தில்கூட வரிசையில் நிற்பவர்கள் மும்பைக்காரர்கள். நம்மவர் பழக்கத்தில் பக்கவாட்டிலிருந்து ஏற முயன்றால் நடத்துநருக்கு முன்பே பயணிகள் தடுத்துவிடுவர்.

இந்தி எங்கும் செல்லுபடியாகும். ஆயினும் ஆண்களை ‘பாவூ’ அல்லது ‘தாதா’ என்றும், மூத்த பெண்களை ‘மாவ்ஷி’ என்றும், இளையவரைத் ‘தாயி’ என்றும் மராத்தியில் விளித்தால் முகம் மலரும். நம் ஊரில் அண்ணா, அக்கா என்பதைப் போன்றவை இவை.

மழைக்காலத்தில் செல்வோர் வானிலையுடன் கடலின் ஓத நேரத்தையும் நாளிதழில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் நீர் உயரும் வேளையில் கனமழை பெய்தால் நகரின் மழைநீர் வடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. தாதருக்கும் பரேலுக்கும் இடையிலுள்ள ஹிந்த்மாதா நீர் தேங்குவதற்குப் பெயர்போன இடம். மருத்துவமனைகளுக்குச் செல்லும் வழியும் அதுவே. தேங்கிய நீரில் இறங்கி நடக்க வேண்டாம். நீருக்குக் கீழே சாக்கடைக் குழிகள் திறந்திருக்கக் கூடும். இருக்குமிடத்திலேயே சில மணி நேரம் தங்குவதே அந்நகரத்தார் செய்வது. மாநகராட்சியின் பேரிடர் உதவி எண் 1916. விநாயகர் சதுர்த்தி நாள்களில் பரேலை அடுத்த லால்பாகில் கூட்டம் அலைமோதும். சிலைகள் கரைக்கப்படும் அனந்த சதுர்த்தசியன்று சாலைகள் பல மூடப்படும். அந்நாளில் மருத்துவரைக் காணும் நேரம் அமைந்தால் முதல் நாளே அருகில் தங்கிவிடுவது நன்று.

பணத்தைப் பற்றி

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். 2017 ஜூலை 6 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்தது. வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தவறின்றி, இடையில் வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன தொகை அவருடையதே. தெரிவித்த பின் போவது வங்கியின் பொறுப்பு. அட்டையுடன் ரகசிய எண்ணையும் எழுதி வைத்திருந்தது கவனக்குறைவின் கீழ் வரும். அந்த நாற்பதாயிரம் திரும்பாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அம்மையார்தான், “மிச்சமாவது இருக்கே” என்றார்.

ரகசிய எண் எழுதப்படாவிட்டாலும் அட்டையைக் கைப்பேசி உறையில் வைப்பது ஆபத்து. யு.பி.ஐ. ரகசிய எண்ணை மாற்ற, அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களும், அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் தேவை. சில வங்கிகள் ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் கேட்கும், எல்லாம் கேட்பதில்லை. அட்டையும் கைப்பேசியும் ஒருங்கே கிடைத்தவருக்கு நாமே பாதி வேலையை முடித்துக் கொடுத்தவர்களாகிறோம். திரைப்பூட்டு இருந்தாலும், சிம் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் பொருத்தினால் கடவுச்சொல் அங்கு வந்து சேரும். ஆகவே கைப்பேசி அமைப்புகளில் சிம் அட்டைக்கும் தனிப் பூட்டு எண் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பழக்கமுள்ள ஒருவரின் துணையுடன் செய்வது நல்லது. மூன்று முறை தவறாக இட்டால் சிம் முடங்கிவிடும்.

பெருந்தொகை உள்ள கணக்கை யு.பி.ஐ.யுடன் இணைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேறொரு சேமிப்புக் கணக்கில் ஒரு வாரச் செலவுக்கான தொகையை வைத்து, அதை மட்டும் இணைத்துக்கொள்ளலாம். தேநீர், டாக்சி போன்ற சிறு செலவுகளுக்கு யு.பி.ஐ. லைட் போதும். சிகிச்சைக் கட்டணத்தை ரொக்கமாகச் சுமக்க வேண்டாம். நெஃப்ட் முறையில் எந்நாளும் எந்நேரமும் பணம் அனுப்பலாம். இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் எனில் ஆர்.டி.ஜி.எஸ். உண்டு. அனுப்புமுன் பெறுபவரின் பெயரைத் திரையில் சரிபார்க்கும் வசதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நோயாளியின் பெயரில் மட்டுமே கணக்கு இருந்தால், புறப்படுமுன் துணைவரையும் சேர்த்து ‘இருவரில் எவரேனும் அல்லது உயிருடனிருப்பவர்’ என்ற முறையில் இயக்குமாறு மாற்றிக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சை நாளில் கையொப்பம் இட இயலாதவரின் கணக்கில் பணம் இருந்தும் பயனற்றுப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தங்குமிடம் தேடும்போது இணையத் தேடலில் கிடைக்கும் எண்ணுக்கு முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உண்டு. மருத்துவமனை வளாகத்திலுள்ள சமூகப்பணிப் பிரிவில் தரும சாலைகளின் விவரங்களை நேரில் கேட்டறியலாம். தங்குமிடங்களில் ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். மருத்துவரைக் காணும் வரிசையை முன்னதாக்கித் தருவதாகச் சொல்லி வெளியில் அணுகுவோருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

மும்பைக்கே செல்லாதவரையும் அந்நகரின் பெயர் அச்சுறுத்துவதுண்டு. “மும்பை காவல்துறையிலிருந்து பேசுகிறோம், தங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் உள்ளது” என்று காணொளி அழைப்பில் சீருடையுடன் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டுவர். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கைப்பேசி தொலைந்தால் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். அருகிலிருப்பவரிடம் கைப்பேசியை இரவல் கேளுங்கள், மும்பையில் தருவார்கள். முதலில் சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்குங்கள். அடுத்து வங்கியின் கட்டணமில்லா எண். ஊரிலுள்ள கிளையைத் தேட வேண்டாம். தங்கள் வங்கியின் எந்தக் கிளையிலும் இப்பணியைச் செய்வார்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் அளியுங்கள். விரைந்து அளித்தால், பணம் சென்று சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. ரயிலில் நேர்ந்த திருட்டுக்கு நிலையத்திலுள்ள ரயில்வே காவல்துறையிடம் புகார் தந்து நகல் பெறுங்கள். புகார் நகலுடன், கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் பதிந்து கருவியையே முடக்கலாம். *#06# என்று அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். தொலையுமுன் குறித்துக்கொண்டால்தான் பயன்.

இவ்வெண்கள் அனைத்தும் கைப்பேசிக்குள் மட்டும் இருந்தால் அவற்றால் பயனில்லை. ஒரு தாளில் எழுதி, கணவர் மனைவி இருவரிடமும் ஒவ்வொரு படி இருக்கட்டும்: வங்கியின் கட்டணமில்லா எண், சிம் நிறுவனத்தின் எண், 1930, அவசர உதவிக்கு 112, ரயில்வேக்கு 139, பிள்ளைகளின் எண்கள், தங்குமிட முகவரி கிழக்கு மேற்குடன். தென்காசிப் பெரியவருக்கு அன்று மாலை அப்படியொரு தாளை நான் எழுதிக் கொடுத்தேன். ரகசிய எண்ணையும் அதில் குறித்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டார். அம்மையார் தாளை வாங்கித் தம் பையில் வைத்துக்கொண்டார்.